மகுடி அல்லாத மகுடி

1954 இல் வெளிவந்த ‘நாகின்’ என்ற இந்திப் படத்தில் பாம்பை ஆடவைத்த மகுடி, மகுடியே அல்ல. ஹேமந்த் குமாரின் இசையில் அதை வாசித்தவர், பின்னாளில் ஆனந்த்ஜியோடு சேர்ந்து பெயர்பெற்ற கல்யாண்ஜி. வாசித்த கருவியின் பெயர் கிளாவியோலின். 1947 இல் பிரான்சில் கொன்ஸ்தான் மார்ட்டின் என்பவர் உருவாக்கிய, வால்வு போட்ட சிறிய மின் கீபோர்ட் அது. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். அந்தப் பிரெஞ்சுக்காரர் நம்மூர்ச் சுரைக்குடுக்கையை நினைத்து அதைச் செய்திருக்கமாட்டார். பம்பாயில் ஒரு கை அதை மகுடியாக்கிவிட்டது. பிறகு துணைக்கண்டத்துப் பாம்பாட்டிகளே அந்தப் படத்து மெட்டைத் தங்கள் மகுடியில் வாசிக்கப் பழகிக்கொண்டார்கள். நிசம் போலியைப் பார்த்துப் பாடம் படித்த கதை இது. யாரும் இதில் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் இந்திய அரசின் வானொலி திரைப்பாடல்களைத் தள்ளிவைத்திருந்தது. பாடல்கள் கொழும்பிலிருந்து, இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பு வழியாகத்தான் இந்தியாவுக்குத் திரும்பிப் போயின. ஆக, அந்தப் பிரெஞ்சு மகுடிக்குக் கடல்தாண்டிய உறவு ஆரம்பத்திலேயே அமைந்துவிட்டது. யாழ்ப்பாணத் தீவகத்தின் நயினாதீவில் நாகபூசணி அம்மனுக்குப் பூவெடுத்து நீந்திவந்த நாகமும் வழிமறித்த கருடனும் தங்கியதாகச் சொல்லும் கற்கள் உண்டு. பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்று இன்றும் காட்டுவார்கள். திருவிழா இரவில் நாகசுரக்காரர் மகுடி வாசிக்கத் தொடங்கினால், இது புன்னாகவராளி ராகத்திலிருந்து வந்ததா, ‘நாகின்’ படத்திலிருந்து வந்ததா என்று அங்கே விசாரிப்பாரில்லை.

வேலணையைப் பூர்வீகமாகக் கொண்டு ஸ்காபரோவில் வளர்ந்த மருமகன் ஒருவன் எனக்கு உண்டு. கணினியில் இசை சேர்ப்பவன். அவன் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தான்: “மாமா, அம்மாட கசெற்றில கேட்ட அந்தப் பழைய பாட்டுகளில மணி மாதிரி ஒரு சத்தம் வருமே, அது எந்த சொஃப்ட்வெயாரில வருமெண்டு தெரியுமோ?” ‘புன்னகை மன்னன்’ வந்த 1986 ஐ ஒட்டிய பாடல்களைத்தான் சொல்கிறான். தமிழ்த் திரையிசையில் மின்னணு ஒலி கூச்சமில்லாமல் முன்னுக்கு வந்துநின்ற காலம் அது.

பழைய சிந்தசைசர்களின் ஒலியைக் கணினிக்குள் தேடும் ஆட்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அவர்களுடைய தேட்டத்தில் பாதிக்கு இன்று சுலபமான விடை உண்டு. மணிபோலவும் கண்ணாடி தட்டினாற்போலவும் ஒலிக்கும் அந்த வகைச் சத்தத்தை உலகெங்கும் பரப்பியது யமஹா 1983 இல் வெளியிட்ட டிஎக்ஸ்7. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் கண்டுபிடித்த முறை அதன் உயிர். ஓர் அலையின் அதிர்வை இன்னோர் அலையால் அசைத்து, இரண்டிலும் இல்லாத சுரங்களைப் பிறப்பிப்பது. ஆறு அலைகள், அவற்றை இணைக்க 32 வழிகள், ஒரே நேரத்தில் 16 சுரங்கள். எல்லாமே எண்கள். அந்தக் கருவியின் 32 குரல்களை ஒரு கோப்பாக்கினால் 4,104 பைட். கைபேசியில் வரும் காலை வணக்கப் படத்துக்குள் இதுபோல நூறு கோப்புகளை அடக்கலாம். டெக்ஸ்ட் என்ற இலவச மென்பொருள் அதே கோப்பை வாங்கி அதே கணக்கைப் போடுகிறது. கூகிளில் வேலைசெய்த ராஃப் லெவியன் ஆண்ட்ராய்ட் கைபேசிக்காக எழுதிய நிரலே அதன் அடித்தளம். பழைய யந்திரத்தின் எண்ணுக்கணக்கு அவ்வளவு நுட்பமானதல்ல. ஒலியில் ஒரு கரகரப்புத் தங்கிவிடும். அந்தக் கரகரப்பு வேண்டுமென்றால் ‘மார்க் 1’ என்ற தெரிவு இருக்கிறது, வேண்டாமென்றால் ‘மொடர்ன்’.

எண்ணில் பிறந்ததை எண்ணால் மீட்பது இலகு. மின்னோட்டத்தில் பிறந்த 1970 இன் மினிமூக், 1981 இன் றோலண்ட் ஜூபிட்டர்-8 போன்றவைதான் கஷ்டம். ஜூபிட்டர்-8 இல் ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனிச் சுற்று உண்டு. எட்டுக் குரலும் ஒரே அச்சாக ஒலிக்காது. அறை சூடேறினால் சுருதி நகரும். பெர்லினில் யூ-ஹே நிறுவனம் 2011 இல் வெளியிட்ட டிவா, அந்தச் சுற்றுகளின் நடத்தையையே கணக்காகப் போட்டுக் காட்டியது. குரலுக்குக் குரல் எவ்வளவு விலகவேண்டும் என்று நாமே திருகி வைக்கலாம். உச்சத் தரத்துக்கு ‘டிவைன்’ என்று பெயர். அதைத் தட்டினால் அக்காலத்துக் கணினிகள் மூச்சிரைத்தன. றோலண்ட் தன் பழைய கருவிகளுக்குத் தானே செய்து விற்கும் மென்பொருளில் ‘கொண்டிசன்’ என்று ஒரு திருகு உண்டு. அதைத் திருப்பினால் புதுக் கருவி படிப்படியாகக் கிழடாகும். வாங்குகிறவர்கள் அதைக் கிழடாக்கித்தான் வாசிக்கிறார்கள்.

பழுதுக்கு விலை கொடுப்பது இதோடு தொடங்கியதல்ல. 1980 இல் றோலண்ட் வெளியிட்ட டிஆர்-808 தாள யந்திரத்துக்குத் தரச் சோதனையில் தோற்ற டிரான்சிஸ்டர்களைத்தான் தேடி வாங்கினார்கள். அந்தக் குறை தந்த சலசலப்பு வேறெதிலும் கிடைக்கவில்லை. பின்னர் தொழிற்சாலைகள் திருந்தின, பழுதான டிரான்சிஸ்டர் அரிதாயிற்று, 1983 உடன் அந்தக் கருவியின் உற்பத்தியே நின்றுபோனது. ஏறத்தாழ 12,000 கருவிகளோடு சரி. அதன் கூடப்பிறந்த டிபி-303, பேஸ் கிற்றாரைப் பாவனை செய்யச் செய்யப்பட்டது. பாவனை படுதோல்வி. ஆனால் 1982 இல் பம்பாயில் சரண்ஜித் சிங் அந்த இரண்டையும் ஜூபிட்டர்-8 உடன் சேர்த்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அன்று கவனிப்பார் இல்லை. 2010 இல் அது மறுபடி வெளியானபோது, சிக்காக்கோவில் பின்னர் பிறந்த ஒரு நடன இசையை இவர் முன்கூட்டியே வாசித்துவிட்டாரே என்று மேற்கில் வியந்தார்கள். பேஸ் கிற்றாரை நினைவூட்டாததற்காகவே இன்று அந்தக் கருவி தேடப்படுகிறது.

இனித் தீவகத்துக்கு வருகிறேன். 1990, 1991 ஆம் ஆண்டுகளில் வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு ஊர்கள் போரால் பெரும்பாலும் காலியாகின. சனம் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெயர்ந்தது. அங்கிருந்து கொழும்பு, பாரிஸ், ரொறன்ரோ. குடாநாட்டில் மின்சாரம் நின்றிருந்தது. பற்றரி, அரசு தடைசெய்த பொருட்களின் பட்டியலில் ஏறியிருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றுவார்கள். டைனமோவின் 6 வோல்ற் மின்னை ஒரு டயோட்டால் சீராக்கி றேடியோவுக்குக் கொடுப்பார்கள். முதலில் பிபிசி தமிழோசை. செய்தி முடிந்தபின், சுற்ற ஆள் இருந்தால், பாட்டு. கசெற் நாடா நொடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடவேண்டும் என்பது விதி. சுற்றுகிறவரின் தோள் சோர்ந்தால் நாடாவும் சோரும். சென்னையில் சுத்தமாகப் பதிவான சுரம் அரைச் சுரம் கீழே வழுகி, “சுத்தடா, சுத்தடா” என்ற சத்தத்துக்குப் பிறகு மேலேறும். ஒரு தலைமுறையின் காதில் அந்தப் பாடல்கள் அப்படித்தான் படிந்தன. அதில் ஜப்பான்காரரின் பங்கு எவ்வளவு, சென்னை ஒலிப்பதிவாளரின் பங்கு எவ்வளவு, கை சோர்ந்த பெடியனின் பங்கு எவ்வளவு என்று பிரித்து எடுக்க முடியாது.

மருமகனுக்கு டெக்ஸ்டின் பெயரை அனுப்பினேன். அன்றைக்கே பதில் வந்தது: “சத்தம் அதுதான் மாமா. ஆனா அது இல்லை.” டிஎக்ஸ்7 இன் குரல் துல்லியமாகக் கிடைத்துவிட்டது. அவன் கேட்டது தாயின் கசெற்றை. அதற்கும் சந்தை ஆயத்தமாக இருக்கிறது. எக்ஸ்எல்என் ஓடியோவின் ஆர்சி-20 என்ற மென்பொருளில் ‘வொபிள்’ என்று ஒரு பகுதி, நாடா தடுமாறுவதுபோல் சுருதியை அசைத்துக் கொடுக்கும். ‘நொய்ஸ்’ என்ற இன்னொன்று இரைச்சலைத் தூவும். பொருளாதாரத் தடை எங்களுக்கு இலவசமாகத் தந்ததை இப்போது கடனட்டையில் வாங்கலாம். இதை நான் கேலியாக மட்டும் சொல்லவில்லை. அந்தத் திருகை எழுதியவர் ஒலியைக் கவனித்துக் கேட்டவர். அவரால் பிடிக்க முடியாதது ஒன்றுதான்: தடுமாற்றம் எப்போது வரும் என்பது. டைனமோவில் அது பாட்டின் நடுவில், பெரும்பாலும் சரணத்தில், களைப்பில் வந்தது. மென்பொருளில் அது எழுந்தமானமாக வருகிறது, அல்லது சீரான ஊசலாட்டமாக.

இந்தத் தேட்டத்தில் பெரிதாகப் பேசப்படாத இன்னொன்று உண்டு. நகல்கள் மூலத்தைவிட முந்திச் சாகின்றன. டிபி-303, டிஆர்-808 இரண்டையும் கணினியில் பாவனை செய்த ரீபேர்த் 1997 இல் வந்தது, 2005 இல் கைவிடப்பட்டது. ஐபாட்டில் மறுபிறவி எடுத்தது. அறிவுசார் சொத்துரிமைச் சிக்கலால் 2017 இல் அதுவும் விலக்கிக்கொள்ளப்பட்டது. டிஎக்ஸ்7 ஐப் பாவனை செய்து 2001 இல் வந்த எஃப்எம்7 இன்றைய கணினிகளில் இலேசில் ஓடாது. 2019 இல் அப்பிள் தன் இயங்குதளத்தில் பழைய 32-பிட் நிரல்களை நிறுத்தியபோது ஏராளமான பிளகின்கள் ஒரே இரவில் வாயடைத்தன. 1983 இன் டிஎக்ஸ்7 க்கு உள்ளே இருக்கும் ஒரு சிஆர்2032 பற்றரியை மாற்றினால் போதும், குரல்களைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். அந்தப் பற்றரி கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும். அதற்காக யாரும் பழைய யந்திரத்தை வாங்கித் தீவுக்குக் கொண்டுபோகவேண்டும் என்று சொல்லமாட்டேன். உப்புக்காற்று அதன் தொடுகைகளைச் சில வருடங்களில் தின்றுவிடும். நெடுந்தீவும் நயினாதீவும் நாட்டின் பொது மின்வலையில் இல்லை. டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியிருந்தவை; வெயிலும் காற்றும் பற்றரியும் சேர்ந்த மின்திட்டத்துக்கு இந்திய நன்கொடையில் 2024 இல்தான் ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஒரு மடிக்கணினியும் டெக்ஸ்டும் அங்கே தாராளமாகப் போதும்.

ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பாடகர் குழுக்களில் ‘ஓர்கன்’ என்று சொல்வது சிறிய மின் கீபோர்ட்டைத்தான். முன்பு ஆர்மோனியம். 1963 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றி வெளியிட்ட ஏட்டில் குழாய் ஓர்கனுக்குத் தனி மதிப்புக் கொடுத்து, மற்றக் கருவிகளுக்கும் இடம் விட்டிருந்தது. எங்கள் கீபோர்ட்டில் ‘சேர்ச் ஓர்கன்’ என்ற பொத்தானை அழுத்தினால் அந்தக் குழாய்கள் வந்துவிடும். அங்கே பாடும் பலர் குழாய் ஓர்கனை நேரில் கேட்டவர்களல்லர். புலம்பெயர்ந்து பாரிசுக்குப் போய், ஒரு பழைய தேவாலயத்தில் உண்மைக் குழாய்களைக் கேட்ட ஓர் அக்கா சொன்னார்: “பெரிசாத்தான் இருந்தது. ஆனா எங்கட கோயில் ஓர்கன் மாதிரி இல்லை.” அவரைத் திருத்த எனக்குத் தோன்றவில்லை. எது மூலம் என்பதை முதலில் கேட்ட காதுதான் தீர்மானிக்கிறது. சிந்தசைசர்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள். தங்கள் விஷயத்தை அலைக்காட்டியில் அளந்து நிறுவுகிறார்கள் என்பதே வித்தியாசம்.

ஆனால் அந்த அளவீட்டில் எனக்குப் பொறாமை உண்டு. ஜூனோ-106 இல் ஒரு சில்லு பழுதாகிறது என்றால், அதன்மேல் பூசிய பசைதான் காரணம், அசிற்றோனில் ஊறவைத்துக் கழற்றினால் உயிர்க்கும் என்பதுவரை உலகத்துக்குத் தெரியும். 1984 இல் செய்த ஒரு ஜப்பானிய யந்திரத்துக்கு இவ்வளவு சிரத்தை. இணுவிலில் 1933 இல் பிறந்து 1975 இல் மறைந்த தவில் மேதை தட்சணாமூர்த்தியின் ஒலி எங்கே இருக்கிறது? பெரும்பாலும் கச்சேரியில் யாரோ பதிந்த நாடாக்களில், அவற்றின் நகல்களில், நகல்களின் நகல்களில். பலா மரக் கட்டை, வலந்தலையில் விரற்கூடு, தொப்பியில் கழி. மூன்றுக்கும் இடையில் நடந்ததை ஒலிவாங்கி வைத்து முறையாக அளந்து வைத்தவரை நான் அறியேன். குடாநாட்டு மேளகாரர் வள்ளமேறித் தீவகத் திருவிழாக்களுக்கு வந்த பாதையில் இப்போது வேறு யந்திரம் வந்திருக்கிறது. மோட்டார் சுற்றச் சுற்ற முரசும் சேமக்கலமும் மணியும் ஒரே கதியில் அடிக்கும் பெட்டி. ஆட்கள் போய்விட்ட ஊரில் பூசைக்கு ஆள் பிடிக்க முடியாத பரிபாலன சபையை இதில் குறைசொல்வது நியாயமல்ல. அந்தப் பெட்டிக்குக் களைப்பு வராது. அதற்குக் ‘கொண்டிசன்’ திருகும் இல்லை.

செய்யமுடியாத வேலை அல்ல இது. டிவாவை எழுதிய அளவு மூளை யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் இருக்கிறது. இன்று வாசிக்கும் சில தவில்காரரை அமைதியான மண்டபத்தில் இருத்தி, விரல் விரலாக, சொல் சொல்லாகப் பதிந்து, விலகல்களையும் சோர்வையும் சேர்த்தே மென்பொருளாக்கலாம். மருமகனிடம் சொன்னபோது அவன் உடனே செலவுக் கணக்குக் கேட்டான். நான் கேட்டது வேறு கணக்கு. அது நன்றாக அமைந்தால், முதலில் வாங்கப்போவது இசையமைப்பாளர்கள் அல்லர், கோயில்கள். மோட்டார்ப் பெட்டியைக் கழற்றிவிட்டு, உயிருள்ள தவில்போலவே ஒலிக்கும் கணினியை வைப்பார்கள். இப்போது அந்தப் பெட்டியின் ஓசை பொறுக்காமல் கொடியேற்றத்துக்கும் தேருக்குமாவது மேளகாரரைத் தேடிப்போகிறார்கள். அந்த இரண்டு நாள் கூலியும் அவர்களுக்கு இல்லாமல் போகும். பதிவுக்கு வந்து இருக்கும்படி கேட்கவேண்டியதும் அவர்களைத்தான்.