உத்தரவாதமும் உயிரும்

கடையில் வாங்கிய கைக்கடிகாரம் ஓராண்டுக்குள் நின்றுபோனால், விற்றவரே பழுது பார்த்துத் தருகிறார். அந்த உத்தரவாதம் வாங்கியவரின் மனத்துக்கு அமைதி அளிக்கிறது. ஒரு நாடு போர் விமானம் வாங்கும்போதும் அத்தகைய அமைதியை விலை கொடுத்துப் பெற இயலுமா?

இயலும் என்றே அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு காலத்தில் நம்பிற்று. 1983, 1984ஆம் ஆண்டுகளில் அது இயற்றிய சட்டங்கள், விமானம் உள்ளிட்ட விலையுயர்ந்த போர்த் தளவாடங்களுக்கு உற்பத்தியாளர் எழுத்து வடிவில் உத்தரவாதம் தரவேண்டும் என விதித்தன. மூலப்பொருளிலோ, வேலைப்பாட்டிலோ, செயல்திறனிலோ குறை காணப்படின் செய்தவரே பொறுப்பேற்க வேண்டும். குறையுள்ள பொருளை அரசாங்கத்தின் தலையில் கட்டிவிட்டு விலகுவோரைத் தடுக்கும் அந்நோக்கத்தில் நியாயம் இருந்தது.

விளைவோ வேறாயிற்று. உத்தரவாதத்துக்கும் தனி விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1996ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கணக்காய்வு அலுவலகம் ஆராய்ந்தபோது, ஆண்டுதோறும் ஏறத்தாழ 271 மில்லியன் டாலர் இவ்வகையில் செலவாவது தெரிந்தது. கொடுத்த 19 டாலருக்கு நேரடியாகக் கிடைத்த பயன் ஏறக்குறைய 1 டாலரே! 1997இல் காங்கிரஸ் அவ்விதியை நீக்கிற்று.

நூற்றுக்கணக்கில் விமானம் வாங்கும் வல்லரசு, சிலவற்றின் பழுதைத் தன் பெருநிதியால் தாங்கிக்கொள்ளும். பத்தோ இருபதோ வாங்கும் சிறு நாட்டின் நிலை அதுவன்று. அங்கே இரண்டு விமானங்கள் தரையில் கிடந்தாலே காவல் குன்றும். அந்நாடு உத்தரவாதம் கேட்பதில் தவறில்லை. ஆயினும் விமானம் எத்தனை மணி நேரம் பறந்தது, எந்த உறுப்பு எப்போது பழுதுற்றது என்னும் குறிப்பேடு ஒழுங்காக இல்லையேல், அந்த உரிமையும் ஏட்டளவில் நின்றுவிடும்.

அறத்தின் வினா இதற்கப்பால் எழுகிறது. உத்தரவாதம் உடைந்த உறுப்புக்கு மாற்று உறுப்புத் தரும். விமானிக்கு மாற்று உயிர் தராது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவோர் அவ்விமானத்தை ஓட்டப் போவதில்லை. ஓட்டுபவனிடம் எவரும் இசைவு கேட்பதுமில்லை. ஆகவே, அவனுக்குரிய உத்தரவாதத்தை வாங்கும் அரசாங்கமே தரவேண்டும். வாங்குமுன் கடுமையாகச் சோதிப்பதும், குறை தெரிந்தபின் பெருமை பாராமல் பறப்பதை நிறுத்துவதும் அந்தக் கடமையின் கூறுகளாம்.

வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்குத் 'தெரிந்து தெளிதல்' என்று பெயரிட்டார். ஆராய்தல் முன்னும் நம்புதல் பின்னுமாக அமைந்த வரிசை அது. உத்தரவாதப் பத்திரம் கையிலிருக்கிறது என்று ஆராய்ச்சியைக் கைவிடும் அரசாங்கம் அவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது. அப்பிழைக்கு விலை கொடுப்பவன் விமானியே.