திருத்துகிறவனின் கணக்கு

தவறு செய்கிறவனைவிடத் தவறைத் திருத்துகிறவனே அதிகக் கண்காணிப்புக்கு உரியவன் என்று எனக்குத் தோன்றுகிறது. முன்னவனைச் சந்தேகிக்க நமக்குப் பழக்கமிருக்கிறது. பின்னவன் வந்ததும் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

இதற்குத் துல்லியமான உதாரணம் கம்ப்யூட்டரில் கிடைக்கிறது. டிஸ்க் முழுவதும் சிறு கட்டங்களாக, பெரும்பாலும் 4096 பைட் அளவில், பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு ஃபைலுக்கு எந்தெந்தக் கட்டங்கள் சொந்தம் என்பது அந்த ஃபைலின் குறிப்பில் இருக்கும். எது காலி, எது காலியில்லை என்பது தனியாக ஓர் இருப்பு அட்டவணையில் இருக்கும். எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போனால் இந்த இரண்டு கணக்கும் முரண்படலாம். அப்போது பழுது பார்க்க ஒரு நிரல் வருகிறது. லினக்ஸில் ஈ2எஃப்எஸ்சிகே அத்தகையது.

அது ஒவ்வொரு ஃபைலின் குறிப்பையும் சோதித்து, தான் கண்டதை வைத்து மூன்றாவதாக ஓர் அட்டவணையைத் தயாரித்துக்கொள்கிறது. கடைசிச் சுற்றில், டிஸ்க்கிலுள்ள அட்டவணையை அதற்கேற்ப மாற்றுகிறது. இதுவரை நியாயம்தான். ஆனால் திருத்துவதற்கே இடம் தேவைப்படுகிறது. ஒரே கட்டத்துக்கு இரண்டு ஃபைல்கள் உரிமை கொண்டாடினால், அது தீர்ப்புச் சொல்வதில்லை. ஆளுக்கொரு பிரதி எடுத்துத் தரப் பார்க்கிறது. பிரதிக்குப் புதுக் கட்டம் வேண்டும். பெயரிழந்த ஃபைல்களை வெறும் எண்ணிட்டு வைக்கும் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' நிரம்பினால், அதை விரிக்கவும் கட்டம் வேண்டும். இப்படித் தானே எடுத்த கட்டத்தைத் தன் அட்டவணையில் குறிக்கத் தவறினால், கடைசியில் அது 'காலி' என்று பதிவாகிவிடும். வேலை நல்லபடியாக முடிந்ததாகவே நிரல் அறிவிக்கும். பிறகொரு நாள் வேறொரு ஃபைல் அங்கே வந்து உட்காரும். இந்தப் பிழைக்குப் பரிகாரம் எளியது, ஆனால் சலிப்பூட்டுவது. நிரல் கட்டம் எடுக்கும் வழிகளை ஒன்றுவிடாமல் தேடிப்போய், எடுத்த கணமே குறிக்கச் செய்யவேண்டும்.

நான் வங்கிக் குமாஸ்தா. ஒரு மூதாட்டியின் கணக்கில் ஒரு தொகை இருமுறை வரவாகியிருந்ததைக் கண்டு எதிர்ப் பதிவு போட்டேன். போட்டதாகக் குறிப்பு வைக்கவில்லை. மறுநாள் சக ஊழியர் ஒருவர் அதே தவறைக் கண்டு மறுபடியும் எதிர்ப் பதிவு போட்டார். இரண்டு நாளும் புத்தகம் டாலி ஆயிற்று. பணம் எடுக்க வந்த அந்த அம்மாள்தான் வெறுங்கையோடு திரும்பிப் போனாள்.

வலங்கைமான் பக்கத்து விவசாயிகள் பயிர்க்கடன் கேட்டுச் சிட்டாவை நீட்டும்போது இதே விஷயம் பெரிய அளவில் தெரிகிறது. 1.6.1979இல் தொடங்கி 30.4.1987இல் முடிந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், ஏட்டுக்கும் வயலுக்கும் இருந்த முரண்பாட்டைத் தீர்க்க வந்தது. இடையில், 14.11.1980இல், கர்ணம், மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டன. ஒழிக்க வேண்டியவைதான். ஆனால் ஏட்டில் ஏறாமல் கர்ணத்தின் தலைக்குள் இருந்த கணக்கும் அவரோடு போயிற்று. 'யு.டி.ஆர். பிழை' என்ற சொல் இன்று எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயிலும் புழங்குகிறது. அண்ணன் பெயர் ஏறித் தம்பி பெயர் விடுபட்டிருக்கும், பரப்பு குறைந்திருக்கும். ஆண்டாண்டாய் உழுதவன் தான் ஏட்டில் இல்லை என்பதைக் கடனுக்கு வரும் அன்றுதான் அறிகிறான். நிலத்துக்கு இரண்டு பிரதி எடுக்க முடியாது.

அப்படியானால் திருத்தவே கூடாதா? அதுவும் தப்பித்தல்தான். முரண்பட்ட கணக்கின்மேல் எழுதிக்கொண்டே போனால் மிஞ்சியிருப்பதும் அழியும். திருத்துகிறவன் தன்னைக் கணக்குக்கு வெளியே நிற்பவனாக எண்ணிக்கொள்வதே தவறு. அவன் நிற்கவும் இடம் வேண்டும். அதையும் அவன் கணக்கில் எழுதவேண்டும். உரியவன் யாரென்று தெரியாததை எவன் பெயரிலாவது எழுதித் தீர்க்காமல், தெரியவில்லை என்றே ஓர் எண்ணிட்டு வைக்கும் பொறுமையும் வேண்டும்.

இந்தப் பக்கங்களில் நாமும் ஒரு கணக்கைத் திருத்தத்தான் உட்கார்ந்திருக்கிறோம். எவன் கவிஞன், எவன் இல்லை என்று தள்ளியும் சேர்த்தும் எழுதுகிறோம். அப்படி எழுதுகையில் நாம் பிடித்துக்கொண்ட இடத்தை எங்கே குறித்திருக்கிறோம்?