ராணி இருந்த இடம்

எலிசபெத் ராணி 2022 செப்டம்பர் 8ஆம் தேதி இறந்தபோது, பிரிட்டிஷ் சட்டங்களில் ‘ராணி’யை ‘ராஜா’ ஆக்க யாரும் பேனாவை எடுக்க வேண்டியிருக்கவில்லை. சட்டம் எந்த மன்னரைச் சுட்டியிருந்தாலும் இன்று ஆள்பவரையே அது குறிக்கும் என்று 1978ஆம் வருஷத்திய பொருள்கோள் சட்டம் முன்பே சொல்லியிருந்தது. ஆள் போகலாம், சொல் நிற்கும்.

நாம் செய்தது நேர்மாறு. சொல்லை எடுத்தோம், அது இருந்த இடத்தை வைத்துக்கொண்டோம். அரசியல் சாசனத்தின் 372ஆவது ஷரத்து பழைய சட்டங்களைத் தொடர விட்டு, அவற்றைப் பொருத்தித் திருத்தும் அதிகாரத்தை ஜனாதிபதிக்குக் கொடுத்தது. அத்திருத்தங்களைக் கோர்ட்டில் கேள்வி கேட்க முடியாது. 1950ஆம் வருஷத்து உத்தரவினால், இ.பி.கோ. 121இல் ராணிக்கு எதிரான போர் இந்திய சர்க்காருக்கு எதிரான போராயிற்று. இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. போர் ஒரு செயல்.

சங்கடம் 124ஏயில். 1908இல் வ.உ.சி.யைத் தண்டித்த பிரிவு அது. ராணி மீதோ சர்க்கார் மீதோ ‘அப்ரீதி’ உண்டாக்குவது குற்றம் என்றிருந்த வாசகத்தில் ராணியை மட்டும் அடித்தார்கள். அப்ரீதி மிஞ்சியது. ராஜ விசுவாசம் பொய்யாகவே இருந்தாலும் அதற்கு ஒரு முகமாவது இருந்தது. ஐந்து வருஷத்துக்கொருமுறை நாமே அனுப்பிவிடக்கூடிய சர்க்காரிடம் ப்ரீதி எப்படிக் கடனாகும்? அப்ரீதியால்தானே பல ஓட்டுகள் விழுகின்றன? லெட்ஜரில் ஓர் எண்ணை அடித்தால் மொத்தத்தையும் மறுபடி கூட்டிப் பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம். இங்கே யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இந்தப் பிரிவின் வீச்சைக் குறுக்கியது. வாசகம் அப்படியே நின்றது.

நம் மொழி இந்த மறதிக்கு இன்னும் வசதி செய்கிறது. பழந்தமிழில் ‘அரசு’ அரசனையும் குறிக்கும்; இன்று சர்க்கார். ‘இறை’யும் அரசன்தான். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த நியாய சன்ஹிதாவில் 124ஏ இல்லை. சர்க்கார் மீதான அப்ரீதி போய், 152ஆவது பிரிவில் நாட்டின் இறையாண்மை வந்திருக்கிறது. சர்க்கார் வேறு, நாடு வேறு என்று ஒப்புக்கொண்ட அளவில் இது முன்னேற்றம். ஆனால் பிரிவினை ‘உணர்வுகள்’ அங்கேயும் இருக்கின்றன. செயலை அளக்கலாம்; உணர்வை எந்தப் படியால் அளப்பது?

சட்டத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸில் நிற்கும்போது என் குரல் தானாகத் தாழ்கிறது. எதிரே இருப்பவரும் என்னைப் போல ஒரு குமாஸ்தாதான். 1950இன் உத்தரவு இந்தக் குரல்வரை வந்து சேரவில்லை.