ஃபார்மேட் அடிக்கக் கொடுக்காதே!

2011 செப்டம்பர் 15. விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அரசு தொடங்கிவைத்தது நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான். அந்தப் பெட்டிகளில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் குடியிருந்தது. உன் வீட்டுப் பரணில் இன்னும் ஒன்று கிடக்கிறதா? இறக்கு கீழே!

பவர் பட்டனை அழுத்தினால் கறுப்புத் திரை. 'நோ சச் பார்ட்டிஷன்' என்று ஒரு வரி, அடியில் 'க்ரப் ரெஸ்க்யூ'. உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாய். "ஃபார்மேட் அடிச்சிடலாம்" என்கிறார் கடைக்காரர், நீயும் தலையாட்டுகிறாய். எதற்கு? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பேனலில் அலாரம் எரிந்தால் மெஷினையா கழற்றிப் போடுகிறாய்? என்ன எண் என்று படிக்கிறாய். ஷிஃப்ட் முடிந்ததும் அந்த நிதானம் எங்கே போகிறது?

இதையும் படி. 'நான் தேடிய எண்ணில் பார்ட்டிஷன் இல்லை' என்கிறது, அவ்வளவுதான். லினக்ஸ் 6-இல் இருந்தது. இடம் வேண்டுமென்று முந்தைய 5-ஐ நீ அழித்தாய். லாஜிக்கல் பார்ட்டிஷன்களுக்கு 5-இலிருந்து வரிசையாக எண் விழும். அதனால் பழைய 6 இப்போது 5. பெட்டியைத் திறந்ததும் லினக்ஸைக் கிளப்பிவிடும் க்ரப் மட்டும் இன்னும் 6-ஐயே தேடிக்கொண்டிருக்கிறது. லினக்ஸில் நீ வைத்த கோப்பு ஒன்றுகூடத் தொலையவில்லை! (லினக்ஸையே அழித்திருந்தால் கதை வேறு, விண்டோஸ் ரிப்பேர் டிஸ்க்கைத் தேடு.)

ரெஸ்க்யூ நிலையில் க்ரப்புக்குத் தெரிந்தவை நான்கே கட்டளைகள். நான்கைக் கற்க உனக்குப் பட்டமா வேண்டும்? 'எல்எஸ்' அடி, பார்ட்டிஷன்கள் வரிசையாக வந்து நிற்கும். டிஸ்க்கை 0-இலிருந்தும் பார்ட்டிஷனை 1-இலிருந்தும் எண்ணும். இந்தக் கோணங்கித்தனத்துக்கு மிரளாதே. அதே 'எல்எஸ்'ஸோடு பார்ட்டிஷன் பெயரையும் சேர்த்து ஒவ்வொன்றாக உள்ளே எட்டிப் பார். விண்டோஸ் பகுதியைத் தெரியாத ஃபைல்சிஸ்டம் என்று தள்ளிவிடும். பூட் ஃபோல்டருக்குள் க்ரப் ஃபோல்டர் தெரிகிறதா? அதுதான்! 'செட்' போட்டு ரூட், ப்ரிஃபிக்ஸ் இரண்டுக்கும் அந்த இடத்தைக் காட்டு. ப்ரிஃபிக்ஸுக்கு க்ரப் ஃபோல்டர் வரை முழுப் பாதை வேண்டும். அடுத்து 'இன்ஸ்மாட் நார்மல்', பிறகு 'நார்மல்'. மெனு வந்துவிடும்.

அத்தோடு எழுந்துவிடாதே, இது இந்த ஒரு தடவைக்குத்தான். லினக்ஸுக்குள் போய் டெர்மினலில் 'க்ரப்-இன்ஸ்டால்' கொடு, எஸ்டிஏ என்று முழு டிஸ்க்குக்கும், எண் எதுவும் சேர்க்காமல். பின் 'அப்டேட்-க்ரப்'. இப்போது துணிந்து ரீஸ்டார்ட் கொடு.