ஆலயமும் பாடசாலையும்: மறந்துபோன மூன்றாவது கடன்

விஜயதசமி நன்னாளின் காலை வேளையில் சைவக் கிராமங்களின் ஆலயங்கள் தோறும் ஏடு தொடக்கும் வைபவம் நடைபெறுகின்றது. தட்டிலே பரப்பிய பச்சையரிசியில், குருக்களோ ஊரின் மூத்த ஆசிரியர் ஒருவரோ குழந்தையின் பிஞ்சு விரலைப் பிடித்து அகரம் எழுதுவிக்கின்றார். தாய் தந்தையரும் அம்மம்மா, அப்பப்பா முதலான உறவினரும் சூழ நின்று மகிழ்கின்றனர். கல்வி இறைவன் சந்நிதியிலே தொடங்க வேண்டிய புனித கருமம் என்னும் நம்பிக்கையின் வெளிப்பாடு இது.

அதே குழந்தை பாடசாலைக்குச் செல்லும் பருவம் வந்ததும் பல ஊர்களில் இன்னொரு காட்சியைக் காணலாம். விடிந்தும் விடியாத பொழுதில் ஊர்ச் சந்தியிலே வான் ஒன்று வந்து நிற்கின்றது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அதில் ஏறிப் பட்டணத்துப் பாடசாலைகளுக்குப் போகின்றனர். ஆலயத்திற்கு அயலிலே இருக்கும் ஊர்ப் பாடசாலைக்கு, வானுக்குப் பணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைகள் மாத்திரம் நடந்து செல்கின்றனர். ஆலயத்தின் கோபுரம் உயர்கின்றது. பாடசாலையின் மாணவர் தொகை குறைகின்றது. மாணவர் இன்மையால் மூடப்பட்ட பாடசாலைகளும் உண்டு.

இதனை நிர்வாகக் குறைபாடு என்று மட்டும் கூறிக் கடந்து செல்லலாகாது. இங்கே ஓர் அறக்கேள்வி அடங்கியுள்ளது. ஓர் ஊர் தன் பாடசாலைக்குக் கடமைப்பட்டதா? கடமைப்பட்டதாயின் அக்கடமை எத்தகையது?

மூன்று கடன்கள்

மனிதன் பிறக்கும்போதே மூன்று கடன்களுடன் பிறக்கின்றான் என்பது வேத மரபு. தேவர்களுக்கு உரிய கடன் ஒன்று. பிதிரர்களுக்கு உரிய கடன் மற்றொன்று. முனிவர்களாகிய இருடிகளுக்கு உரிய கடன் மூன்றாவது. வேள்வியாலும் வழிபாட்டாலும் தேவ கடன் தீரும். சந்ததியை வளர்த்தலாலும் நீத்தார் கடன் ஆற்றுதலாலும் பிதிர் கடன் தீரும். கற்பதனாலும் கற்றதைப் பிறர்க்கு அளிப்பதனாலும் இருடி கடன் தீரும்.

முதல் இரண்டு கடன்களையும் சைவ மக்கள் மறப்பதில்லை. மகோற்சவம் வந்தால் வெளிநாட்டில் இருப்பவரும் விடுமுறை எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகின்றனர். இன்ன திருவிழா இன்னாருடைய உபயம் என்று தலைமுறை தலைமுறையாக ஒழுங்கு இருக்கின்றது. ஆடி அமாவாசையன்று கீரிமலையில் தந்தையை நினைந்து தீர்த்தமாடுவோரும், சித்திரா பௌர்ணமியன்று தாயை நினைந்து விரதம் காப்போரும் இன்றும் குறையவில்லை.

மூன்றாவது கடனுக்கோ திதி இல்லை, உபயகாரர் பட்டியல் இல்லை, கேட்பாரும் இல்லை. இக்கடனுக்கு வேறொரு தன்மையும் உண்டு. வாங்கிய இடத்திலே திருப்பிக் கொடுக்க முடியாத கடன் இது. அகரம் எழுதுவித்த ஆசிரியர் மறைந்துவிடுகின்றார். அவருக்குக் கற்பித்தவர் அவருக்கு முன்னரே மறைந்துவிட்டார். ஆகவே பின்னே வரும் பிள்ளைக்குக் கொடுப்பதன் மூலமே முன்னே சென்ற ஆசிரியருக்குப் பட்ட கடனை அடைக்கலாம். ஒருவன் தான் பெற்ற கல்வியைத் தன் உழைப்பின் பயன் என்று மட்டும் கருதுவானாயின், அவன் இக்கடனை மறுப்பவன் ஆகின்றான்.

முன்னோர் கடன் அடைத்த விதம்

யாழ்ப்பாணத்துச் சைவப் பாடசாலைகளின் வரலாறு இக்கடனை அடைத்தவர்களின் வரலாறே ஆகும். 1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும் 1824இல் உடுவிலில் பெண்கள் பாடசாலையையும் அவர்கள் தொடங்கினர். அவர்கள் அளித்த கல்வி உயர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் சைவப் பிள்ளைகள் தம் சமயத்தில் நின்றவாறே கற்பதற்கு ஏற்ற பாடசாலைகள் அந்நாளில் இல்லை.

நல்லூர் ஆறுமுக நாவலர் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். 1848ஆம் ஆண்டில் அப்பதவியை விட்டு நீங்கி வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிள்ளைகள் படிப்பதற்குத் தக்க நூல்கள் இல்லாமையால் அச்சுக்கூடம் நிறுவிப் பாலபாடங்களை எழுதி வெளியிட்டார். 1864இல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை கண்டார். மிஷனரிமாரிடம் தாம் கற்ற முறையையே தம் மக்களுக்குப் பயன்படுத்திய அவரது அறிவுடைமை எண்ணத்தக்கது.

அவர் வழியிலே 1888இல் சைவபரிபாலன சபை தோன்றியது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியையும் 1921இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியையும் நிறுவினார். 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் நூற்றுக்கும் மேற்பட்ட பாடசாலைகளை நடத்தியது. கிழக்கிலே சுவாமி விபுலாநந்தர் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை வளர்த்து, 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார்.

இப்பெரியோரின் பெயர்களை வரலாறு கூறுகின்றது. பெயர் கூறப்படாதோர் இவர்களிலும் பலர். காணி கொடுத்தவர்கள், பனைமரம் தறித்து வளையும் சிலாகையும் கொடுத்தவர்கள், கிடுகு பின்னிக் கூரை வேய்ந்தவர்கள், ஆசிரியருக்கு வீட்டுத் திண்ணையிலே இடம் கொடுத்துச் சோறு போட்டவர்கள் எனப் பலரும் சேர்ந்தே ஊர்ப் பாடசாலைகளை உண்டாக்கினர். ஆலயத்திற்குச் சிரமதானம் செய்த அதே கைகள் பாடசாலைக்கும் செய்தன.

எல்லாப் பிள்ளைகளுக்குமா?

இவ்வரலாற்றைப் பெருமையோடு கூறும்போது அதிலுள்ள குறையையும் கூறுதல் நேர்மையாகும். அக்காலப் பாடசாலைகளின் கதவுகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே விதமாகத் திறந்திருக்கவில்லை. சாதியின் பெயரால் சில பிள்ளைகள் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. சேர்த்துக்கொள்ளப்பட்டவரும் வாங்கிலே அமர இடமின்றி நிலத்திலே இருத்தப்பட்டனர். 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் சம ஆசனம், சம போசனம் வேண்டும் என்ற குரல் எழுந்தபோது அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. பாடசாலைகள் தீக்கிரையான சம்பவங்களும் நிகழ்ந்தன. ஆலயக் கதவுகள் திறப்பதற்கு இன்னும் பல ஆண்டுகள் சென்றன. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடைபெற வேண்டியிருந்தது.

ஒரே வாங்கிலே அருகருகே இருந்து படித்த பிள்ளைகள் வளர்ந்த பின்னர் ஒருவரை ஒருவர் வாசலிலே நிறுத்தி வைப்பது எளிதன்று. பாடசாலை ஊரைப் பலப்படுத்துவது இவ்விதத்திலேதான். அங்கே எழுத்தும் எண்ணும் மட்டும் கற்பிக்கப்படுவதில்லை. ஒருவரோடொருவர் சேர்ந்திருத்தலும் கற்பிக்கப்படுகின்றது. இன்று வசதியுள்ள பிள்ளை வானிலும் வசதியற்ற பிள்ளை கால்நடையாகவும் வெவ்வேறு திசைகளில் செல்லும்போது, பழைய பிரிவு புதிய உருவத்திலே திரும்பி வருகின்றதோ என்று எண்ண வேண்டியுள்ளது.

அரசும் ஊரும்

1945ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி முதல் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கலாநிதி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெருமுயற்சியால் ஏழை வீட்டுப் பிள்ளையும் பல்கலைக்கழகம் வரை செல்லும் வழி திறந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. ஆசிரியர் சம்பளத்திற்கு ஊர் அலையும் நிலை நீங்கியது. இவை பெரும் நன்மைகளே. ஆயினும், “எங்கள் பள்ளிக்கூடம்” என்றிருந்தது, “அரசாங்கப் பள்ளிக்கூடம்” என்று ஆன மனமாற்றமும் உடன் நிகழ்ந்தது. செலவை அரசு ஏற்றுக்கொண்டது உண்மை. கடனையும் அரசே ஏற்றுக்கொண்டது என்று ஊர் எண்ணியதே தவறு.

அவ்வெண்ணம் தவறென்பதை யுத்த காலம் காட்டியது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது கட்டடங்களும் தளபாடங்களும் பின்னே நின்றுவிட்டன. ஆயினும் தென்மராட்சியிலே மரநிழல்களிலும் கொட்டில்களிலும், வேறு பாடசாலைகளின் மாலை நேரங்களிலும் வகுப்புகள் மீண்டும் தொடங்கின. ஆசிரியரும் பிள்ளையும் கூடிய இடமே பாடசாலையாயிற்று. கட்டடமின்றியும் பாடசாலை இருக்கலாம். ஊரார் மனமின்றி இருக்க முடியாது என்பது அந்நாட்கள் தந்த பாடம்.

பெற்றோர் செய்வது பிழையா?

இங்கே ஒரு நியாயமான வினா எழும். தன் பிள்ளைக்குச் சிறந்த கல்வியைத் தேடும் பெற்றோரைக் குறை கூறலாமா? ஊர்ப் பாடசாலையில் கணிதத்திற்கோ ஆங்கிலத்திற்கோ ஆசிரியர் இல்லாதபோது, ஊர்ப்பற்றுக்காகப் பிள்ளையின் எதிர்காலத்தைப் பலியிட வேண்டுமா?

வேண்டியதில்லை. பிள்ளையைச் சான்றோனாக்க முயல்வது பெற்றோரின் தருமம். அத்தருமத்தைச் செய்தவரை ஊர் தூற்றுவது முறையன்று. ஆனால் அத்தருமம் தன் வீட்டு வாசலோடு முடிந்துவிடுமாயின் அது அரைத் தருமமே. போகக்கூடியவர் போனபின் போகமுடியாதவர் எஞ்சுகின்றனர். குரல் எழுப்பக்கூடிய பெற்றோர் அனைவரும் விலகிய பின்னர், ஆசிரியர் இல்லை என்று கல்வித் திணைக்களத்திடம் யார் கேட்பது? ஆகவே, பிள்ளையை வெளியே அனுப்பியவருக்குக் கடமை குறைவதில்லை; கூடுகின்றது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்திற்கு அவரும் வரல் வேண்டும். பழைய மாணவராக நின்று அவரும் பேசல் வேண்டும்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் வாழும் உறவுகள் தாம் படித்த பாடசாலைகளுக்குக் கணினிகளும் கட்டடங்களும் வழங்கி வருகின்றனர். அது போற்றுதற்குரியது. ஆனால் பிள்ளைகள் வராத பாடசாலையில் புதிய மண்டபம் வெறும் மண்டபமே. பணத்தோடு மேற்பார்வையும், மேற்பார்வையோடு அன்பும் தேவை.

ஆலயம் செய்யக்கூடியது

ஆலயத்திற்குக் கொடுப்பதைக் குறைத்துப் பாடசாலைக்குக் கொடுத்தால் இறைவனுக்கு உரியது குறையாதா என்று அடியார் சிலர் அஞ்சலாம். நடமாடும் கோயிலாகிய அடியாருக்குக் கொடுப்பது இறைவனைச் சென்றடையும் என்பது திருமூலர் திருவாக்கின் கருத்து. பசித்த பிள்ளைக்கும் படிக்க விரும்பும் பிள்ளைக்கும் கொடுப்பது அவ்வாறே இறைவனைச் சேரும். வாணவேடிக்கைக்கும் மேலதிக மின் அலங்காரத்திற்கும் ஒரே இரவிற் செலவாகும் பணத்தில் ஒரு பகுதி, பல பிள்ளைகளுக்கு ஓராண்டு கொப்பிகளுக்குப் போதுமானதாகும்.

பணமின்றியும் செய்யக்கூடியவை பல. மாலைப் பூசைக்கு முன்னர் ஆலய மண்டபத்தில் பிள்ளைகள் கூடிப் படிக்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாரத்தில் இரு நாட்கள் அங்கே அமரலாம். பல்கலைக்கழகம் சென்ற ஊர்ப் பிள்ளை விடுமுறையில் வரும்போது கீழ் வகுப்புப் பிள்ளைக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கலாம். அறநெறிப் பாடசாலைக்கு வராத பிள்ளை ஏன் வரவில்லை என்று ஒருவர் அவ்வீட்டுப் படலையிற் போய் விசாரிக்கலாம். மகோற்சவ உபயகாரர் பட்டியலிலே, “வித்தியாதானம்” என ஒருநாள் உபயத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைக்கு மாலை சூட்டுவது நல்லதே. எனினும் ஓர் ஊரின் கல்வியை அளக்கும் கோல் முதலாம் பிள்ளையன்று; கடைசிப் பிள்ளையே. வாசிக்கத் தடுமாறும் பிள்ளை, தந்தையை இழந்த பிள்ளை, கூலி வேலைக்குச் செல்ல நேரும் பிள்ளை ஆகியோரின் கையை ஊர் பிடித்துக்கொண்டிருக்கின்றதா என்பதே வினா. விஜயதசமியன்று பச்சையரிசியில் அகரம் எழுதுவிக்கப் பிடித்த அந்தச் சிறு விரலை இடைவழியிலே விட்டுவிடலாகாது.

ஆலய மணி ஒலிக்கும் ஊரிலே பாடசாலை மணியும் ஓயாது ஒலிக்கவும், முன்னோர்பால் பட்ட மூன்றாவது கடனை இளந்தலைமுறையினருக்குச் செலுத்தும் மனம் அடியார் அனைவருக்கும் வாய்க்கவும் எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக.