சட்டியின் அடிப்பக்கம்

ஓஹையோவில் வசிக்கும் என் நண்பர் ஒருவருக்குப் பழைய வார்ப்பிரும்புச் சட்டிகளின் மேல் பைத்தியம். சட்டி கையில் கிடைத்ததும் கவிழ்த்துத்தான் பார்ப்பார். அடியில் கோடாக ஒரு தழும்பு ஓடினால் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வார்ப்பு. வட்டத்துக்குள் சிலுவை போட்ட கிரிஸ்வோல்ட் முத்திரை பெரிதாக இருந்தால் ஏறத்தாழ 1940க்கு முந்தியது. சிறிதாக இருந்தால் பிந்தியது. ஈரி நகரத்து ஆலையை 1957-இல் மூடிவிட்டார்கள். அசலை அச்சாக வைத்துப் போலி வார்ப்பவர்களும் உண்டு. ஆனால் இரும்பு ஆறும்போது சுருங்குமல்லவா? பத்தங்குலச் சட்டியில் போலி ஏறத்தாழ ஒரு நூல் சிறுத்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மனிதர்களுக்கும் இப்படி ஓர் அளவு இருந்தால் கதை எழுதுகிறவன் பிழைப்பு என்ன ஆவது!

சென்ற கோடையில், வீட்டைக் காலி செய்த ஒரு கிழவி அவருக்குச் சட்டி ஒன்றை இரண்டு டாலருக்குக் கொடுத்தாள். அடியில் பெரிய முத்திரை. "கேட்ட விலையைத்தானே கொடுத்தேன்? கற்ற வித்தைக்குக் கூலி வேண்டாமா?" என்று எனக்கு எழுதியிருந்தார்.

வேண்டியதுதான். ஆனால் அவர் கவிழ்த்துப் பார்த்தபோது, "ஏதாவது விசேஷமா?" என்று கிழவி கேட்டாளாம். "துரு இருக்கிறதா என்று பார்த்தேன்" என்றாராம் இவர். மௌனம் வரைக்கும் நான் அவர் கட்சி. அந்தத் துருவைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

கண்டித்து எழுத உட்கார்ந்தேன். எதிரே அலமாரியில், போன வருஷம் பழைய புத்தகக்காரரிடம், "அட்டை கிழிந்திருக்கிறதே" என்று குறை சொல்லிப் பத்து ரூபாய்க்கு வாங்கி வந்த முதல் பதிப்பு இருந்தது. கடிதம் பாதியிலேயே நிற்கிறது.