பூம்பாவையிடம் கேட்ட கேள்வி

மாட வீதியில் தினமும் 'சௌக்கியமா?' என்று கேட்டவர், திடீரென்று காலமாகிவிட்டார் என்று செய்தி வருகிறது. குழாயில் தண்ணீர் வரவில்லை, பிள்ளைக்கு மார்க் குறைந்துவிட்டது, பக்கத்து வீட்டுக்காரர் நம் வாசலில் வண்டியை நிறுத்துகிறார் என்று காலையில் வாட்டிய கவலைகளெல்லாம் அந்த நொடியில் சின்னதாகிவிடுகின்றன. பெரியவர்கள் இதை 'மயான வைராக்கியம்' என்பார்கள். பத்தாம் நாள் காரியம் முடிவதற்குள் அது கரைந்துவிடும். வண்டிச் சண்டை மறுபடி தொடங்கிவிடும்!

அந்தத் தெளிவை நிலைக்க வைக்க வழி உண்டா? மயிலைத் தலத்திலேயே உண்டு.

பாம்பு தீண்டி இறந்த மகள் பூம்பாவையின் எலும்பையும் சாம்பலையும் குடத்தில் வைத்துக் காத்திருந்தார் சிவநேசர். 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் அந்தக் குடத்தின் முன் நின்று பதிகம் பாடினார். செல்வத்தை விட்டுப் போனாயே என்று அவர் கேட்கவில்லை. அடியார்க்கு அமுது படைப்பதையும், ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் முதலான விழாக்களையும் பார்க்காமலா போய்விட்டாய் என்றே கேட்டார். எல்லாமே ஊரோடு கூடி மகிழ்பவை. அவள் உயிர்பெற்று எழுந்தாள் என்கிறது பெரிய புராணம்.

நம்மை விட்டுப் போனவர் திரும்பமாட்டார். ஆனால், அந்தக் கேள்வி இருக்கும் நமக்கும்தான். கவலைகள் பொய்யல்ல, குழாயைச் சரிசெய்யத்தான் வேண்டும். அதற்காக மனிதர்களைப் பார்க்காமல் இருந்துவிடலாமா?

கபாலீஸ்வரர் கோயிலில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், பூம்பாவை உயிர்பெறும் வைபவம் நடைபெறும். அன்று அந்தப் பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு போங்களேன்!